தவமிருந்து பெற்ற பிள்ளையும் தவிட்டுக்கு வாங்கிய பிள்ளையும்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வர்த்தில் எனக்குப் பழக்கமான ஒரு வீட்டில், ஃப்ரிட்ஜ் கதவின் உள்தட்டில், எலுமிச்சை ஊறுகாய் பாட்டிலுக்குப் பின்னால் ஒரு பழைய ஐஸ்கிரீம் டப்பா இருந்தது. மூடியில் 'மசாலா' என்று சீட்டு ஒட்டியிருக்கும். மசாலாவை மொத்தமாக வாங்கிக் குளிரில் வைக்கிற வீடு அது, அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. உள்ளே இருந்தது ஊசி மருந்து. கருமுட்டைகளைத் தூண்டிவிடுவதற்காக, தொப்புளுக்குப் பக்கத்துச் சதையைக் கிள்ளிப் பிடித்துத் தினமும் போட்டுக்கொள்ள வேண்டியது. சாயங்காலம் ஏழு மணிக்குக் கைபேசியில் அலாரம் அடிக்கும். நாத்தனார் வந்து உட்கார்ந்திருந்தால் "அடுப்பில் சோறு இருக்கு" என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குள் போவார் அந்த வீட்டுப் பெண். பிள்ளைப்பேற்றுச் சிகிச்சையில் ஒரு சுற்றுக்குப் பத்துப் பன்னிரண்டு நாள். அப்படி மூன்று சுற்று.

மூன்றாவது சுற்றில் கரு தங்கியது. பையனுக்கு இப்போது ஐந்து வயது. சனிக்கிழமைகளில் நான் நடத்தும் தமிழ் வகுப்புக்கு வருகிறான். மற்ற அம்மாக்கள் பிள்ளையை இறக்கிவிட்டு பங்களாதேஷ் மார்க்கெட் என்கிற எங்கள் ஊர்ச் சந்தைக்குக் காய்கறி வாங்கப் போய்விடுவார்கள். இவர் மட்டும் இரண்டு மணி நேரமும் காரிலேயே உட்கார்ந்திருப்பார். கண்ணாடியை இறக்கி வைத்துக்கொண்டு, எங்கள் ஜன்னலைப் பார்த்தபடி.

"தவமிருந்து பெற்றது. பின்னே கண்ணுக்குள் வைத்துத்தானே வளர்ப்பாள்?" இது பக்கத்தில் இருப்பவர்கள் சொல்வது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த நியாயத்தை உலகத்தில் பல பேர் நாற்பது வருஷமாகச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். கிடைத்த விடை பாதி ஆமாம், பாதி இல்லை. அந்த 'இல்லை'தான் சுவாரசியமானது.

சோதனைக்குழாய்க் குழந்தை என்ற பெயரில் முதலில் பிறந்தவர் லூயிஸ் பிரவுன், 1978 ஜூலை 25-ம் தேதி, இங்கிலாந்தில். தென்னாப்பிரிக்காவுக்கும் இந்தக் கதையில் தனி இடம் உண்டு. 1987-ல் பேட் அந்தோணி என்ற 48 வயதுப் பெண்மணி, கர்ப்பப்பையை இழந்த தன் மகளுக்காக, மகளின் கருமுட்டையிலிருந்து உருவான கருக்களைச் சுமந்து ஒரே பிரசவத்தில் மூன்று பிள்ளைகளைப் பெற்றுக்கொடுத்தார். பாட்டியே பேரப்பிள்ளைகளைப் பெற்றாள் என்று உலகமெங்கும் செய்தி. அந்தப் பிள்ளைகள் யாரை அம்மா என்று கூப்பிடும், இவ்வளவு பாடுபட்டுப் பெற்றவர்கள் அவற்றைச் சாதாரணமாக வளர்ப்பார்களா என்று அன்றைக்குப் பத்திரிகைகள் கேட்ட கேள்விகளையே மனநல நிபுணர்களும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பெற்றோர் அளவுக்கு மீறிப் பொத்திப் பொத்தி வளர்ப்பார்கள், பிள்ளைமீது நடக்காத கனவுகளை ஏற்றுவார்கள், பிள்ளை மூச்சுத் திணறும் என்பது அவர்கள் பயம்.

இந்தப் பயத்தை முதலில் ஒழுங்காக அளந்து பார்த்தவர்களில் முக்கியமானவர் பிரிட்டன் உளவியலாளர் சூசன் கோலம்பாக். அவர் குழு 1995-ல் வெளியிட்ட ஆய்வில் நான்கு வகைக் குடும்பங்கள்: ஐவிஎஃப் என்கிற அந்தச் சோதனைக்குழாய் முறையில் பிள்ளை பெற்றவர்கள், வேறொருவர் தந்த விந்தணுவால் பெற்றவர்கள், தத்தெடுத்தவர்கள், இயல்பாகப் பெற்றவர்கள். பிள்ளைகளுக்கு நாலு வயதிலிருந்து எட்டு வயது. சிகிச்சையில் பெற்ற தாய்மார்கள் இயல்பாகப் பெற்றவர்களைவிட அதிக அரவணைப்போடும் ஈடுபாட்டோடும் இருந்தார்கள். பிள்ளைகளின் மனநிலையிலும் நடத்தையிலும் பெரிதாக வித்தியாசமே இல்லை. அவர்கள் எழுதிய முடிவு எனக்குப் பிடித்தது. குடும்பம் நன்றாக நடக்க ரத்த உறவைவிடப் பிள்ளை வேண்டும் என்ற தீவிரமான ஆசைதான் முக்கியம் என்றார்கள்.

இங்கே ஒரு நுணுக்கம். 'கஷ்டப்பட்டதால்தான் பாசம்' என்று நாம் சொல்வது வேறு. கஷ்டப்பட்டுச் சேர்ந்த சங்கம் உப்புச்சப்பில்லாததாக இருந்தாலும் மனிதன் அதை உசத்தியாகத்தான் நினைப்பான் என்று 1959-லேயே ஆரன்சன், மில்ஸ் என்ற இருவர் கல்லூரி மாணவிகளை வைத்துக் காட்டினார்கள். அந்தத் தர்க்கத்தைத் தூக்கி அப்படியே பிள்ளை வளர்ப்பில் வைத்துவிடுகிறார்கள் சிலர்: இத்தனை ஊசி, இத்தனை பணம், அதனால் இத்தனை பாசம் என்று. எனக்கு இது ஒப்பவில்லை. ஊசியே போடாமல் வருஷக்கணக்கில் காத்திருந்து தத்தெடுத்தவர்களிடமும் அந்த ஈடுபாடு தெரிகிறது. பாசத்தை ஊட்டுவது சிகிச்சை இல்லை, காத்திருப்பு. காத்திருந்தவர்களுக்கு வயதும் கூடியிருக்கும். பெரும்பாலும் அந்த ஒரு பிள்ளைதான் இருக்கும். ஒற்றைப் பிள்ளையை நாற்பது வயதில் பெற்ற எந்த அம்மாவும், எந்த வழியில் பெற்றிருந்தாலும், கொஞ்சம் காருக்குள் உட்கார்ந்துதான் இருப்பாள்.

தாய்மார்கள் தாங்களே சொன்னதை எவ்வளவு நம்புவது என்றும் கேட்கலாம். ஐவிஎஃப் பற்றி ஊர் என்ன பேசும் என்று தெரிந்தவர்கள் தங்களை நல்ல அம்மாவாகக் காட்டத்தான் பார்ப்பார்கள். அதனால் தைவானில் 2001-ல் வெளிவந்த ஒரு ஆய்வு எனக்கு முக்கியமாகப் படுகிறது. அங்கே பள்ளி ஆசிரியர்களிடமும் கேட்டார்கள். எந்தப் பிள்ளை எப்படிப் பிறந்தது என்பது அந்த ஆசிரியர்களுக்குத் தெரியாது. ஐவிஎஃப் தாய்மார்கள் தங்களைப் பற்றிச் சொல்லும்போது 'நான் ரொம்பப் பாதுகாக்கிறேன்' என்றார்கள். ஆசிரியர்களோ, இந்தத் தாய்மார்கள் மற்றவர்களைவிடப் பாசமாக இருக்கிறார்கள், ஆனால் அளவுக்கு மீறிப் பொத்துவதாகவோ தலையிடுவதாகவோ தெரியவில்லை என்றார்கள். அம்மாவின் மனசுக்குள் ஓடுகிற பயம் வேறு, பிள்ளைக்குப் போய்ச் சேருகிற நடத்தை வேறு. இரண்டுக்கும் நடுவில் பெரும்பாலான அம்மாக்கள் ஒரு தடுப்பு வைத்திருக்கிறார்கள்.

சரி, எல்லாம் சுபம் என்று சொல்லிவிட முடியாது. பிரிட்டன், நெதர்லாந்து, ஸ்பெயின், இத்தாலி நான்கு நாட்டுக் குடும்பங்களைப் பிள்ளைகளுக்குப் பன்னிரண்டு வயதாகும்போது மறுபடி போய்ப் பார்த்து 2002-ல் எழுதினார்கள். அப்போதும் வித்தியாசங்கள் சொற்பம். இருந்தவையும் நல்ல பக்கமாகவே இருந்தன. ஆனால் சிகிச்சையில் பெற்றவர்களில் ஒரு சிறு பகுதியினர் பிள்ளையோடு தேவைக்கு மேல் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சிறு பகுதி எப்படி உருவாகிறது என்பதைத்தான் நான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். அதற்குப் பிரசவத்துக்கு முன்னாலேயே போக வேண்டும்.

இயல்பாகக் கருத்தரிக்கிறவளுக்கு நாள் தள்ளிப்போனால்தான் விஷயமே தெரியும். சிகிச்சையில் இருப்பவளுக்கோ கர்ப்பம் ஆவதற்கு முன்பே பிள்ளையின் படம் கையில் கிடைத்துவிடுகிறது. கருமுட்டையை வெளியே எடுத்து, விந்தணுவோடு சேர்த்து, ஐந்து நாள் ஆய்வகத்தில் வளர்த்த கருவின் படத்தைக் கர்ப்பப்பைக்குள் வைக்கும் நாளில் காட்டுகிறார்கள். நான் சொன்ன அந்த அம்மாவின் கைபேசியில் அப்படி மூன்று படங்கள் இருக்கின்றன. சோப்பு நுரையில் எழும்புகிற குமிழி போல, ஓரத்தில் சின்னத் திட்டோடு. முதல் இரண்டும் தங்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாரம் காத்திருந்து, ரத்தப் பரிசோதனை எண் வந்ததும் எல்லாம் முடிந்துபோனது. துக்கம் கேட்க யாரும் வரவில்லை. யாருக்கும் தெரியாதே, எப்படி வருவார்கள்? "இவன் எனக்கு மூணாவது" என்று ஒருமுறை வாய் தவறிச் சொன்னார். அவர் பேசுவது ஆங்கிலம், நடுநடுவே பாட்டியிடம் கேட்ட தமிழ். அந்த 'மூணாவது' மட்டும் தமிழில் வந்தது.

இப்படி வந்த பிள்ளைமீது பயம் எங்கே இருக்கும் என்பதை ஆஸ்திரேலிய ஆய்வுகள் நன்றாகக் காட்டின. சிட்னியில் பிரான்சிஸ் கிப்சனும் கூட்டாளிகளும் ஐவிஎஃப் தாய்மார்களைக் கர்ப்பத்திலிருந்தே பின்தொடர்ந்தார்கள். குழந்தைக்கு நாலு மாதம் ஆனபோது இந்தத் தாய்மார்கள் 'என் பிள்ளை சமாளிக்கக் கஷ்டமான பிள்ளை' என்று மற்றவர்களைவிட அதிகமாகச் சொன்னார்கள். ஒரு வயதில், பிள்ளை எளிதில் நலிந்துவிடும், என் பிள்ளை தனி என்ற எண்ணமும் கூடுதலாக இருந்தது. ஆனால் அதே ஒரு வயதில் அம்மாவைச் சற்று நேரம் அறையை விட்டு வெளியே அனுப்பித் திரும்ப வரவைத்து, பிள்ளை அம்மாவிடம் எப்படித் திரும்புகிறது என்று பார்த்தார்கள். அதில் வித்தியாசமே இல்லை. பெரும்பாலான பிள்ளைகள் நிம்மதியாக அம்மாவிடம் ஒட்டிக்கொண்டன. பயந்தவள் அம்மாதான், பிள்ளை பயப்படவில்லை.

இதைவிட என்னை உலுக்கியது மெல்பர்ன் தகவல். அங்கே கைக்குழந்தையைச் சமாளிக்க முடியாமல் ஓய்ந்துபோகும் தாய்மார்கள் குழந்தையோடு சில நாள் தங்கி உதவி பெறும் விடுதிகள் உண்டு. ஜேன் ஃபிஷரும் கரின் ஹம்மார்பர்கும் 2005-ல் ஒரு கணக்குப் பார்த்தார்கள். அப்படி வந்து சேர்ந்தவர்களில் சிகிச்சையால் கருத்தரித்தவர்களின் பங்கு எதிர்பார்த்ததைவிட மிகக் கூடுதலாக இருந்தது. அதாவது, பிள்ளைக்காக உயிரையே கொடுத்தவர்கள், பிள்ளை வந்தபிறகு மற்றவர்களைவிட அதிகமாக உடைந்துபோகிறார்கள். ஏன்? பின்னால் வந்த ஆய்வுத் தொகுப்பு ஒன்று, தாய்மையைப் பற்றி மனதில் கட்டி வைத்திருந்த அழகான படமே காரணமாகலாம் என்றது.

எனக்கு அது இப்படிப் புரிகிறது: குறை சொல்லும் உரிமை போய்விடுகிறது. எங்கள் வட்டாரத்தில் மற்ற அம்மாக்கள் சனிக்கிழமை சந்தித்துக்கொண்டால் முதல் பேச்சே புலம்பல்தான். 'ராத்திரி முழுக்கத் தூங்கவிடலை', 'இதைக் கொண்டுபோய் யாராவது வெச்சுக்கோங்க' என்பார்கள். சொல்லிச் சிரித்து, கொட்டித் தீர்த்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள். நான் சொன்ன அம்மாவால் அது முடியாது. பையனுக்கு மூன்று வாரம் ஆகியிருந்தபோது, விடாமல் அழுத ஒரு ராத்திரி, அவனைத் தொட்டிலில் கிடத்திவிட்டுக் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு குழாயைத் திறந்துவிட்டு உட்கார்ந்திருந்தாராம், அழுகை கேட்காமல் இருப்பதற்காக. மறுநாள் விஷயம் தெரிந்த ஒரே ஆளான தன் தங்கையிடம் சொன்னபோது வந்த பதில்: "கேட்டு வாங்கினதுதானே அக்கா." கெட்ட எண்ணத்தில் சொன்னதில்லை. ஆனாலும் அதற்குப் பிறகு அவர் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. ஒரு வருஷம்.

இந்த இடத்தில் நம்முடைய பழைய வழக்கங்களை நினைக்காமல் இருக்க முடியவில்லை.

வேண்டிப் பெற்ற பிள்ளை நமக்குப் புதிதில்லை. 1860 நவம்பர் 16-ல் மதராஸிலிருந்து டிரூரோ கப்பல் டர்பன் துறைமுகத்துக்கு வந்தது முதல், 1911 வரைக்கும் ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தார்கள். ஆண்கள் அதிகம், பெண்கள் குறைவு, வைத்தியம் சொற்பம், கைக்குழந்தை தங்குவது பெரிய விஷயம். அந்த மக்கள் தோட்டங்களுக்குப் பக்கத்தில் முதலில் எழுப்பியவற்றில் மாரியம்மன் கோயில்களும் உண்டு. மவுண்ட் எட்ஜ்கோம் மாரியம்மன் கோயிலில் இன்றும் ஈஸ்டர் சமயத்தில் கூட்டம் அலைமோதும். ஆடி மாதக் கஞ்சிப் பூசைக்கு வீட்டுக்கு வீடு பானை ஏறும். தைப்பூசக் காவடியில் கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நடக்கிற அப்பாக்களை நீங்களே பார்க்கலாம். பாதிப்பேருக்கு வேண்டுதல் கணக்கு இருக்கும்.

இந்த வேண்டுதல் பிள்ளையை நம் முன்னோர்கள் எப்படிக் கையாண்டார்கள் என்பதுதான் கவனிக்க வேண்டியது. பொக்கிஷமாக அறிவிக்கவில்லை. நேர்மாறாக, மலிவாக்கினார்கள். பிள்ளை தங்காத வீட்டில் ஒன்று பிறந்தால் அதற்குக் குப்பன், குப்பம்மா, பிச்சை என்று பெயர். குப்பைமேட்டில் ஒரு நிமிஷம் கிடத்தி எடுப்பார்கள். இன்னொருத்தியிடம் கொடுத்துவிட்டு ஒரு படி தவிடு கொடுத்துத் திரும்ப வாங்குவார்கள். 'உன்னைத் தவிட்டுக்கு வாங்கினோம்' என்று வீட்டில் எல்லோரும் கேலி செய்கிற வாசகம் அங்கிருந்து வந்ததுதான். எமனுக்கும் கண்ணேறுக்கும் இந்தப் பிள்ளைமீது ஆசை வந்துவிடக் கூடாது என்பது அவர்கள் சொன்ன காரணம். டர்பன் தொலைபேசிப் புத்தகத்தைப் பழைய நாளில் புரட்டியவர்களுக்குத் தெரியும், குப்பன், குப்புசாமி எல்லாம் இங்கே குடும்பப் பெயர்களாகவே நின்றுவிட்டன. எல்லாக் குப்புசாமிக்கும் பின்னால் ஒரு தவிட்டுக் கதை இருக்கிறது என்று சொல்ல வரவில்லை. ஆனால் கப்பலேறி வந்த சில தாய்மார்களின் பயம் இன்றைக்கு வங்கி மேலாளர்களின் பெயர்ப் பலகையில் இருக்கலாம் என்று நினைத்தால் எனக்குச் சிலிர்க்கிறது.

எமனை ஏமாற்றுவது இருக்கட்டும். அந்தச் சடங்கு பெற்றவளுக்கு என்ன செய்தது? 'இது விலைமதிக்க முடியாதது' என்று மனசு ஓயாமல் அடித்துக்கொள்ளும்போது, 'ஒரு படி தவிடுதான்' என்று எல்லோர் முன்னாலும் சிரித்துச் சொல்லவைத்தது. அப்புறம், நேர்த்திக்கடனுக்கு ஒரு முடிவு உண்டு. மொட்டை அடித்தாயிற்று, காவடி எடுத்தாயிற்று, பொங்கல் வைத்தாயிற்று, கடன் தீர்ந்தது. அன்றோடு அந்தப் பிள்ளை எல்லோரையும் போல ஒரு பிள்ளை. தெருவில் விழுந்து எழுந்து வளரும்.

சிகிச்சைக்கு அப்படி ஒரு மொட்டை கிடையாது. கருத்தரிப்பு மையத்தின் வேலை ஏழெட்டு வாரத்தில் இதயத்துடிப்பு தெரிந்ததும் முடிந்தது. 'இனி உங்கள் மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள்' என்று கையைக் குலுக்கி அனுப்பிவிடுகிறார்கள். அதுவரை வாரத்துக்கு இரண்டு ஸ்கேன், ரத்தப் பரிசோதனை என்று ஓடியவளுக்குத் திடீரென்று ஒரு மாதம் யாரும் எதுவும் பார்ப்பதில்லை. அதுவரை அவளைத் தாங்கிய கண்காணிப்பு போய்விடுகிறது, கண்காணிக்கிற பழக்கம் மட்டும் அவளிடம் தங்கிவிடுகிறது. அந்தக் காருக்குள் உட்கார்ந்திருக்கும் இரண்டு மணி நேரம், என் கணிப்பில், பாசத்தின் மிச்சம் இல்லை, ஸ்கேனின் மிச்சம்.

பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்த நாட்டில் மெடிக்கல் எய்ட் என்கிற மருத்துவக் காப்பீடு வைத்திருப்பவர்களுக்கு, சட்டப்படி கட்டாயமாகக் கொடுத்தே ஆக வேண்டிய குறைந்தபட்சச் சலுகைகளில் மலட்டுத்தன்மைக்கான பரிசோதனைகள், சில அறுவைகள் அடங்கும். ஐவிஎஃப் அடங்காது. சில உயர்ந்த திட்டங்களில் இப்போது ஓரளவு கொடுக்கிறார்கள். மற்றவர்கள் கைக்காசைத்தான் போட வேண்டும், ஒவ்வொரு சுற்றுக்கும் பல பத்தாயிரம் ராண்ட். கேப் டவுன் குரூட் ஸ்கூர் போன்ற ஒருசில அரசு மருத்துவமனைகளில் குறைந்த செலவில் செய்கிறார்கள். அங்கேயே கூட, சில்கே டயரும் கூட்டாளிகளும் 2013-ல் எழுதிய ஆய்வில், ஐந்தில் ஒரு தம்பதிக்கு அந்தச் செலவு குடும்பத்தையே குலைக்கிற அளவுக்குப் போயிருந்தது. ஏழைகளுக்கு இன்னும் மோசம்.

பணம் பாசத்தைக் கூட்டுகிறதோ இல்லையோ, பங்குதாரர்களைக் கூட்டுகிறது. மாமியார் வளையலை விற்றுக் கொடுத்திருப்பார். மாமா கடன் கொடுத்திருப்பார். அதன்பிறகு பிள்ளையின் பெயர், பள்ளிக்கூடம், பல் முளைத்தது, காய்ச்சல் வந்தது எல்லாவற்றிலும் அவர்களுக்கு ஒரு சொல் உண்டு. 'இவ்வளவு செலவு பண்றோம், பையனாவே கேட்டுட்டா என்ன?' என்று கேட்கும் பெரியவர்களும் இருக்கிறார்கள். தென்னாப்பிரிக்க விதிகள்படி அது முடியாது. பாலினத்தோடு தொடர்புள்ள கடுமையான மரபு நோயைத் தவிர்ப்பதற்கன்றி ஆணா பெண்ணா என்று கருவைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. இதைச் சொன்னால் சிலர் முகம் தொங்கிப்போவதைப் பார்த்திருக்கிறேன்.

அப்பாக்களைப் பற்றி ஆய்வுகளும் குறைவாகவே பேசுகின்றன, ஊரும் குறைவாகவே பேசுகிறது. குறை ஆணிடம் இருந்தாலும் ஊசி பெண்ணுக்குத்தான். 'மலடி' என்ற சொல்லும் அவளுக்குத்தான். நமக்கு 'மலடன்' என்றொரு சொல் இருந்தும் அதை யாரும் வெளியே எடுப்பதில்லை. பல அப்பாக்கள் பிள்ளை பிறந்தபிறகு மற்ற அப்பாக்களைவிடக் கூடுதலாகத் தூக்குகிறார்கள், டயப்பர் மாற்றுகிறார்கள். அதில் சந்தோஷம் எவ்வளவு, ஈடுகட்டுவது எவ்வளவு என்று அவர்களுக்கே தெரிந்திருக்காது.

எல்லாவற்றையும்விடப் பாரமானது ரகசியம். தன்னுடைய முட்டையும் கணவனுடைய விந்தும் என்றால் மறைப்பதில் அவ்வளவு ஆபத்தில்லை. டோனர் முட்டை, டோனர் விந்து என்று, அதாவது வேறொருவர் தானமாகத் தந்தது என்று வரும்போது கதையே மாறுகிறது. சட்டம் ஒருவிதத்தில் தெளிவு. கணவன் மனைவி இருவரும் சம்மதித்து டோனர் வழியில் பெற்ற பிள்ளை அவர்களுடைய பிள்ளைதான் என்கிறது 2005-ம் வருஷக் குழந்தைகள் சட்டம். டோனர் யார் என்பது ரகசியம். ஒரு டோனரிலிருந்து ஆறு பிள்ளைகளுக்கு மேல் பிறக்கக் கூடாது. டோனரின் மருத்துவ விவரங்களைக் கேட்டு வாங்கலாம், மற்ற விவரங்களைப் பிள்ளைக்குப் பதினெட்டு வயதானபிறகு கேட்கலாம், ஆனால் பெயரை எப்போதும் கேட்க முடியாது. தத்துப்பிள்ளைக்கோ பதினெட்டு வயதில் தத்துப் பதிவேட்டைப் பார்க்கும் உரிமையே உண்டு. ஒரே சட்டத்துக்குள் இரண்டு நியாயம்.

வீட்டுக்குள் என்ன நடக்கிறது? 'மூக்கு யாருடையது, நெற்றி யாருடையது' என்று கேட்காத உறவு நமக்கு உண்டா? கல்யாண வீட்டில் ஒரு பெரியம்மா பிள்ளையின் மோவாயைப் பிடித்துத் திருப்பிப் பார்ப்பார். அந்த அரை நிமிஷத்தில் அம்மாவின் முகத்தில் ஓடுகிறதை அவர் பார்ப்பதில்லை, பக்கத்தில் நிற்கும் பிள்ளை பார்க்கும். கோலம்பாக் குழு சுமார் 2000-ல் பிறந்த பிள்ளைகளை இருபது வயதுவரை பின்தொடர்ந்து 2023-ல் வெளியிட்ட ஆய்வில் இதற்கொரு விடை இருக்கிறது. டோனர் வழியிலோ வாடகைத் தாய் வழியிலோ பிறந்த பிள்ளைகள் இருபது வயதில் மற்றவர்களைப் போலவே நன்றாக இருந்தார்கள். அவர்களில் ஏழு வயதுக்கு முன்பே தன் பிறப்பைத் தெரிந்துகொண்டவர்களுக்குப் பெற்றோரோடு உறவு இன்னும் நன்றாக இருந்தது. சீக்கிரம் சொன்னால் அது பிள்ளைக்கு ஒரு கதை. தாமதமாக, அதுவும் வேறொருவர் வாயால் தெரிந்தால் அது துரோகம்.

தவிட்டுக் கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரித்த வீடுகள் அதைத்தான் செய்துகொண்டிருந்தன என்று எனக்குத் தோன்றுவதுண்டு. பிள்ளைக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்தே அந்தக் கதை தெரியும். அதில் வலியும் இருந்தது, ஆனால் எல்லோருக்கும் தெரிந்த வலி.

இந்த ஆய்வுகள் எல்லாவற்றிலும் ஒரு ஓட்டை இருக்கிறது. எல்லாம் பிள்ளை கிடைத்தவர்களைப் பற்றியவை. சுற்றுகளில் பாதிக்கு மேல் வெறுங்கையோடுதான் முடிகின்றன, வயது ஏற ஏற இன்னும் கூடுதலாக. பணம் தீர்ந்து, கல்யாணம் கலைந்து, பாதியில் விட்டவர்கள் எந்தப் பட்டியலிலும் இல்லை. தாக்குப்பிடித்தவர்கள் நல்ல பெற்றோராக இருப்பதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது? தாக்குப்பிடிக்கிற குணமே பிள்ளை வளர்ப்பில் பாதி.

அந்த அம்மாவிடம் போன மாதம் கொஞ்சம் தைரியம் வரவழைத்துக்கொண்டு, காரில் உட்கார்ந்திருக்காமல் மார்க்கெட்டுக்குப் போய்விட்டு வரச் சொன்னேன். போனார். இருபது நிமிஷத்தில் ஒரு கட்டு மொச்சைக்காயோடு திரும்பிவிட்டார். பையன் அவர் போனதையும் கவனிக்கவில்லை, வந்ததையும் கவனிக்கவில்லை. 'ழ' எழுதிக்கொண்டிருந்தான், நாக்கை வெளியே நீட்டியபடி.

மொச்சையை உரித்துக்கொண்டே அவர் சொன்னார், இன்னும் இரண்டு கருக்கள் அந்த மையத்தில் உறைநிலையில் இருக்கின்றனவாம். வருஷத்துக்கு ஒருமுறை வைப்புக் கட்டண பில் வரும். வைத்துக்கொள்கிறீர்களா, அழித்துவிடலாமா, ஆராய்ச்சிக்குக் கொடுக்கிறீர்களா, வேறு யாருக்காவது தருகிறீர்களா என்று கூடவே ஒரு படிவமும் வரும். அவருக்கு 44 வயது ஆகிவிட்டது, இனி பெறப் போவதில்லை என்று கணவனும் மனைவியும் முடிவு செய்துவிட்டார்கள். "விட்டுடலாம்" என்பார் கணவர் ஒவ்வொரு வருஷமும். படிவம் அலமாரிக்குள் போகும். பில்லை மட்டும் கட்டிவிடுவாராம்.

இந்த வருஷமும் கட்டிவிட்டார்.